பிளகினில் சிஎஸ்ஆர்எஃப் ஓட்டை, மதிப்பெண் 4.3 தான்: ஆண்டு விருந்து முடியும்வரை விட்டுவைக்கலாமா?

செந்தூல்காரி
திங்கள், இரவு 9:40

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். சங்கத்தின் வேர்ட்பிரஸ் தளத்தைப் பார்த்துக்கொள்வதும் என் தலையில்தான். நிரல் எழுதத் தெரியாது. பக்கம் திருத்துவேன், படம் ஏற்றுவேன், அப்டேட் பொத்தானை அழுத்துவேன், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஆண்டு விருந்து. மேசை முன்பதிவுக்கு ஓர் இலவசப் பிளகின் (தளத்தோடு சேர்க்கும் துணைநிரல்) போட்டிருக்கிறோம். வருகிறவர் பெயர், தொலைபேசி எண், எத்தனை நாற்காலி என்று நிரப்புவார். அடுத்த பக்கத்தில் சங்கத்தின் டூயிட்நவ் கியூஆர் வரும், ஸ்கேன் செய்து பணம் கட்டிவிடுவார். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று பாதுகாப்புப் பிளகினிலிருந்து ஒரு மின்னஞ்சல்: முன்பதிவுப் பிளகினில் சிஎஸ்ஆர்எஃப் ஓட்டை (வேறொரு தளம் நம் பெயரில் கோரிக்கை அனுப்பவைப்பதாம்), ஆபத்து மதிப்பெண் பத்துக்கு 4.3, நடுத்தரம், திருத்திய பதிப்பு இன்னும் இல்லை. பிளகின் எழுதியவருக்குச் செய்தி அனுப்பினேன். "அட்மினைத் தவிர யாரும் அமைப்பை (செட்டிங்ஸ்) மாற்ற முடியாது, பயப்பட வேண்டாம்" என்று பதில் வந்தது.

பாதி மேசை விற்றாகிவிட்டது. இப்போது நிறுத்தினால் பொருளாளர் என்னைச் சும்மா விடமாட்டார். விருந்து முடியும்வரை அப்படியே விட்டுவைக்கலாமா?

பிரிக்பீல்ட்ஸ்ராஜா
திங்கள், இரவு 10:05

விட்டுவையுங்கள் அக்கா. தளம் கட்டிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு, இந்த மாதிரி மின்னஞ்சலைக் காட்டி வாடிக்கையாளர்கள் என்னைப் படுத்தும் பாடு கொஞ்சமில்லை. பாதுகாப்புப் பிளகின்காரர்களுக்குப் பயம்தான் சரக்கு. 4.3 என்றால் என்ன பொருள்? யாரும் வெளியிலிருந்து நேராக உள்ளே நுழைய முடியாது, நீங்களே போய் ஒரு தப்பான லிங்கைத் தட்டினால்தான் ஏதாவது நடக்கும். தட்டாதீர்கள், முடிந்தது.

இன்னொன்று. சிஎஸ்ஆர்எஃப் பழைய கதை. வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் வெளியிடும் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலிலிருந்தே 2017இல் அதைத் தூக்கிவிட்டார்கள். குரோம் 2020இல் குக்கி விதியை மாற்றிக் கதவையும் சாத்திவிட்டது. விருந்தை நடத்துங்கள்.

தண்ணீர்மலையான்
திங்கள், இரவு 10:50

அக்கா, உடனே ஆம், இல்லை என்று சொல்வதற்கில்லை. அந்தப் பிளகினின் அமைப்புப் பக்கத்தில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன? அதை முதலில் எழுதுங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

அதற்குள் ஓட்டை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தளத்தில் நீங்கள் லாகின் செய்ததும் பிரவுசரில் ஒரு குக்கி, அதாவது நீங்கள் யார் என்று காட்டும் சிறு அடையாளக் குறிப்பு, உட்காரும். "என்னை நினைவில் வை" என்று டிக் போட்டிருந்தால் வேர்ட்பிரசில் அது 14 நாள் இருக்கும், போடாவிட்டால் 2 நாள். அதன்பின் அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும் பிரவுசர் குக்கியைத் தானாகவே சேர்த்துவிடும். கோரிக்கையைத் தொடங்கியது யார் என்று சர்வருக்கு அதிலிருந்து தெரியாது. நீங்கள் வேறெங்கோ ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். அதற்குள் ஒளிந்திருக்கும் படிவம் ஒன்று உங்கள் சங்கத் தளத்தின் அமைப்புப் பக்கத்துக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொள்கிறது. குக்கியும் கூடவே போகிறது. சர்வர் பார்க்கிறது, அட்மின் வந்திருக்கிறார், சொன்னபடி மாற்றிவைக்கிறது. சங்கத்தின் சாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, யார் எந்தக் கடிதத்தை நீட்டினாலும் குத்திக்கொடுக்கும் அலுவலகப் பையன் மாதிரிதான் பிரவுசர். கடிதம் எவன் எழுதியதோ, சாப் மட்டும் அசல்.

அதனால்தான் பிளகின் எழுதியவர் சொன்னது ஒரு பதிலே இல்லை. அட்மினைத் தவிர யாரும் மாற்ற முடியாது என்பது உண்மை. இங்கே மாற்றுவதும் அட்மின்தான், அவருக்கே தெரியாமல்.

ராஜா அண்ணே, ஓவாஸ்ப் 2017இல் தூக்கியதற்குக் காரணம் ஓட்டை ஒழிந்ததல்ல. பெரிய நிரல்சட்டகங்களில் பாதுகாப்பு ஏற்கெனவே சேர்ந்தே வருவதால் 5% செயலிகளில்தான் அதைக் கண்டார்கள் என்று அவர்களே எழுதினார்கள். 2021 பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறுகள் என்ற முதல் இடத்துக்குள் அதையும் சேர்த்துவிட்டார்கள். வேர்ட்பிரஸ் பிளகின் அந்தக் கணக்கில் வராது. வேர்ட்பிரஸ் கருவி கொடுக்கிறது, அதைக் கூப்பிட வேண்டியது பிளகின் எழுதுகிறவர். மறந்தால் மறந்ததுதான்.

பட்டர்வொர்த்மாமா
செவ்வாய், காலை 6:55

காலையிலேயே படித்துவிட்டேன். கோவில் நிர்வாகத்தில் கணக்கு பார்த்தவன், கணினி அதிகம் தெரியாது. ஒரு சந்தேகம் தம்பி. பெரிய வங்கி, விமான நிறுவனம் என்றால் திருடன் மெனக்கெடுவான். ஐம்பது மேசை விருந்து போடும் பள்ளிச் சங்கத்தை எவன் குறிவைப்பான்? அந்த அம்மா யார், எந்த நேரத்தில் லாகின் செய்திருப்பார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

தண்ணீர்மலையான்
செவ்வாய், காலை 8:10

நல்ல கேள்வி மாமா. எந்தத் தளத்தில் எந்தப் பிளகின் ஓடுகிறது என்பது ரகசியமே இல்லை. பக்கத்தின் மூலத்தைப் பார்த்தால் பிளகின் கோப்புறையின் பெயர் தெரியும், தேடுவதற்கு நிரல் எழுதிவிட்டால் ஆயிரம் தளங்களை ஒரே வலையில் அள்ளலாம். உங்கள் சங்கத்தை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, பட்டியலில் இருந்தால் போதும்.

லாகின் செய்திருக்கிறாரா என்பதற்கும் வழி எளிது. எல்லாச் சங்கத் தளத்திலும் "தொடர்புக்கு" என்று ஒரு படிவம் இருக்கும். அதில் நிரப்பியது நேராக அட்மினுக்குத்தான் வரும். "உங்கள் கியூஆர் ஸ்கேன் ஆகவில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்கே போட்டிருக்கிறேன், பாருங்கள்" என்று ஒரு லிங்க் வந்தால் செயலாளர் என்ன செய்வார்? பார்ப்பார். பார்ப்பதுதான் அவர் வேலை. அப்போது பக்கத்து டேபில் தளத்தின் அட்மின் பலகையும் திறந்தே இருக்கும். ராஜா அண்ணன் "தட்டாதீர்கள்" என்கிறார். தட்டாமல் ஒரு சங்கத்தை நடத்த முடியாது.

பிரிக்பீல்ட்ஸ்ராஜா
செவ்வாய், காலை 9:30

தட்டட்டுமே. அதற்குத்தான் குரோம் விதியைச் சொன்னேன், அதை நீ தொடவே இல்லை. வேறு தளம் கிளப்பும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்லும் குறிப்புக்குச் சேம்சைட் என்று பெயர். அப்படி எதுவும் குறிக்காத குக்கியை 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80இலிருந்து "லாக்ஸ்" என்றே எடுத்துக்கொள்கிறது. வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் படிவத்தோடு (நிரப்பியதைக் கோரிக்கைக்குள் வைத்து அனுப்பும் வகை) குக்கி போகாது. நீ சொன்ன ஒளிந்திருக்கும் படிவம் சர்வரைப் போய்ச் சேரும்போது அட்மின் இல்லை, யாரோ ஒரு வழிப்போக்கன். ஓட்டை ஏட்டில் மட்டும்தான் இருக்கிறது.

தண்ணீர்மலையான்
செவ்வாய், மதியம் 1:15

மதிய உணவு இடைவேளையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

அண்ணன் சொன்னது பெரும்பாலும் சரி. அந்த விதி வந்தபின் இந்த வகைத் தாக்குதல் நிஜமாகவே கடினமாகிவிட்டது. ஆனால் கதவில் இடுக்குகள் உண்டு. குறிக்காத குக்கி புதிதாக உட்கார்ந்து 2 நிமிடம் ஆகும்வரை வெளியிலிருந்து வரும் போஸ்ட் படிவத்தோடும் குரோம் அதை அனுப்பும். பழைய லாகின் முறைகள் உடையாமலிருக்க விட்ட சலுகை அது. அப்புறம், பயர்பாக்சும் சஃபாரியும் குரோம் மாதிரி எல்லாருக்கும் இயல்பாக லாக்ஸ் போடவில்லை. சங்கத்தில் ஐபோன் வைத்திருக்கும் அட்மின் எத்தனை பேர்?

எல்லாவற்றையும்விடப் பெரிய இடுக்கு கெட் கோரிக்கை, அதாவது எல்லாம் முகவரி வரியிலேயே போகும் வகை. லாக்ஸ் என்றாலும், ஒரு லிங்கைத் தட்டி நேராக அந்தத் தளத்துக்குப் போனால் குக்கி போகும். போகாவிட்டால் மின்னஞ்சலில் வரும் எந்த லிங்கைத் தட்டினாலும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும், யாரும் பொறுக்கமாட்டார்கள். ஆகவே ஒரு பிளகின் அமைப்பு மாற்றத்தை முகவரி வரியிலிருந்தே வாங்கிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தால், படிவம்கூட வேண்டாம். ஒரு லிங்க் போதும். குரோம் விதி அங்கே கைகட்டி நிற்கும்.

இந்தப் பிளகின் எப்படி வாங்குகிறது என்று யாராவது நிரலைப் பார்த்தால்தான் தெரியும்.

நெறியாளர்
செவ்வாய், மதியம் 1:40

பார்க்கிறவர்கள் பாருங்கள். திருத்தம் வரும்வரை பிளகினின் பெயரையும் தாக்குதலுக்கான முழு வரியையும் இங்கே போட வேண்டாம். பெயர் தேவைப்படுபவர் செந்தூல்காரியிடம் தனிச்செய்தியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறிமுறைக்குட்டி
செவ்வாய், இரவு 8:20

அக்காவிடம் பெயர் வாங்கி, கோப்பை இறக்கிப் படித்தேன். இலவசப் பிளகின் என்பதால் நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டுதான் படிக்கிறேன், தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

அமைப்பைச் சேமிக்கும் பகுதி முப்பது வரிகூட இல்லை. முதல் வரியில் கரண்ட்_யூசர்_கேன் வைத்து, வந்தவருக்கு அமைப்பை நிர்வகிக்கும் உரிமை உண்டா என்று பார்க்கிறார். அது சரியாகவே இருக்கிறது. அப்படியானால் லாகின் செய்யாத ஆள் எதையும் மாற்ற முடியாது. நான் முதலில் பயந்தது அதற்குத்தான், ஏனென்றால் சேமிக்கும் பகுதி அட்மின்_இனிட் என்ற கொக்கியில் (வேர்ட்பிரஸ் தானாக நிரலை ஓட்டும் இடம்) தொங்குகிறது. அட்மின் அஜாக்ஸ் கோப்பை யார் கூப்பிட்டாலும், லாகின் இல்லாதவர் கூப்பிட்டாலும், அந்தக் கொக்கி ஓடும். உரிமைச் சோதனை மட்டும் இல்லாதிருந்தால் கதை வேறு.

ஆனால் நான்ஸ் சோதனை, அதாவது கோரிக்கை அசல் படிவத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியச் சரத்தைப் பார்ப்பது, எங்குமே இல்லை. வந்த மதிப்புகளை போஸ்ட் வரிசையிலிருந்தும் எடுக்கவில்லை, ரெக்வெஸ்ட் வரிசையிலிருந்து எடுக்கிறார். பிஎச்பியில் அது கெட், போஸ்ட் இரண்டையும் சேர்த்த வரிசை. தண்ணீர்மலையான் அண்ணன் சொன்ன இடுக்கு இதுதானே?

தண்ணீர்மலையான்
செவ்வாய், இரவு 9:05

அதேதான் தம்பி. அட்மின்_இனிட் விஷயத்தைக் கவனித்ததற்குத் தனியாக ஒரு சபாஷ், பல வருடம் எழுதுகிறவர்களே அதில் விழுகிறார்கள்.

ராஜா அண்ணே, குரோமை இனி இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடலாம்.

அக்கா, அமைப்புப் பக்கத்தின் கட்டங்களைக் கேட்டிருந்தேன்.

செந்தூல்காரி
செவ்வாய், இரவு 9:50

மன்னிக்கவும், வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது. இவைதான் இருக்கின்றன: நிகழ்ச்சியின் பெயர், மேசை எண்ணிக்கை, ஒரு நாற்காலிக்கு எத்தனை வெள்ளி, அறிவிப்பு மின்னஞ்சல் போக வேண்டிய முகவரி, பணம் கட்டும் கியூஆர் படத்தின் முகவரி, நன்றி வாசகம். நன்றி வாசகக் கட்டத்தில் தடித்த எழுத்து, லிங்க் எல்லாம் போடலாம்.

பட்டர்வொர்த்மாமா
செவ்வாய், இரவு 10:02

அம்மா, கியூஆர் படத்தின் முகவரியா?

அதை மாற்றினால் பணம் வேறொருவன் கணக்குக்குப் போகுமே! கணினி தெரியாத எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

தண்ணீர்மலையான்
செவ்வாய், இரவு 10:45

மாமா சரியான இடத்தில் கைவைத்துவிட்டார்.

4.3 எப்படி வந்தது என்று பாருங்கள். அந்த மதிப்பெண்ணுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. வலை வழியாகத் தாக்கலாம், எளிது, தாக்குபவருக்கு லாகின் தேவையில்லை, ஆனால் பாதிக்கப்படுபவர் ஒரு லிங்கையாவது தட்ட வேண்டும். இதுவரை எல்லா சிஎஸ்ஆர்எஃபுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மிச்சம் விளைவு. ரகசியம் வெளியே போகுமா? இல்லை. தளம் விழுமா? இல்லை. தரவு மாறுமா? "கொஞ்சம்". 4.3 வந்துவிட்டது. அந்த மூன்றையும் "அதிகம்" என்று போட்டால் அதே வழிக்கு 8.8. மதிப்பெண் போட்டவருக்கு இது ஒரு பிளகினின் அமைப்புப் பக்கம், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் ஒரு சங்கம் தன் பணப்பெட்டியை வைத்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? "கொஞ்சம் தரவு மாறும்" என்பதற்கு உங்கள் தளத்தில் பொருள், விற்காத மேசைகளின் பணம் முழுவதும் வேறு கணக்குக்குப் போகலாம்.

ஸ்கேன் செய்தால் பெறுபவர் பெயர் வங்கிச் செயலியில் தெரியும், உண்மை. விருந்துக்கு நாற்காலி பிடிக்கும் அவசரத்தில் எத்தனை பேர் அதைப் படிப்பார்கள்? படித்தாலும் பொருளாளர் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நன்றி வாசகக் கட்டமும் சாதாரணமில்லை. வந்ததை வடிகட்டாமல் சேமித்தால் அதில் ஒரு ஸ்கிரிப்டை வைத்துவிடலாம். பதிவு செய்யும் எல்லாருடைய பிரவுசரிலும் அது ஓடும், அட்மின் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் அட்மினின் பிரவுசரிலும் ஓடும். தம்பி, வடிகட்டுகிறாரா?

குறிமுறைக்குட்டி
செவ்வாய், இரவு 11:00

வடிகட்டவில்லை அண்ணே. வந்தது அப்படியே உள்ளே போகிறது, அப்படியே வெளியே வருகிறது.

தண்ணீர்மலையான்
செவ்வாய், இரவு 11:30

அப்படியானால் 4.3 என்பதே தவறு.

நடந்த கதைகள் சில. 2020 ஜனவரியில் கோட் ஸ்னிப்பெட்ஸ் என்ற பிளகின், 2,00,000க்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. எழுதியவர் கவனமானவர், ஏறக்குறைய எல்லா இடத்திலும் நான்ஸ் வைத்திருந்தார், இறக்குமதி செய்யும் ஓரிடத்தில் மட்டும் விட்டுப்போயிற்று. அந்த ஓர் இடம் வழியாக அட்மினின் பிரவுசரைக்கொண்டு தளத்தில் எந்த நிரலையும் ஏற்றி ஓடவிடலாம் என்று ஆனது. அவர் விரைவாகவே திருத்திவிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் நின்ஜா ஃபார்ம்ஸ், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள், சிஎஸ்ஆர்எஃப் வழியாக ஸ்கிரிப்ட் ஏற்றும் ஓட்டை. 2022 ஜனவரியில் ஒரே நிறுவனத்தின் மூன்று பிளகின்களில் ஒரே ஓட்டை, மொத்தம் 84,000 தளங்கள். அதில் தளத்தின் எந்த அமைப்பையும் மாற்றலாம். "யாரும் பதிவு செய்யலாம்" என்பதைத் திறந்துவிட்டு, "புதிதாகப் பதிவு செய்பவர் அட்மின்" என்றும் மாற்றிவிட்டால், அப்புறம் திருடனுக்கு உங்கள் குக்கியே தேவையில்லை.

வேர்ட்பிரசின் மையத்திலேயே வந்திருக்கிறது. 2019 மார்ச்சில் வந்த 5.1.1 பதிப்பு, பின்னூட்டப் பெட்டி வழியாக நுழையும் சிஎஸ்ஆர்எஃபை அடைக்க வந்ததுதான்.

பிரிக்பீல்ட்ஸ்ராஜா
புதன், காலை 7:45

சரி, கியூஆர் கட்டம் இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் நானும் வேறு மாதிரிதான் பேசியிருப்பேன். ஆனால் நீ இன்னும் அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை தம்பி. பிளகினை அணைத்தால் முன்பதிவு நிற்கும். கூகுள் படிவம் போட்டால் பாதி பெயர் இங்கே, பாதி அங்கே. ஒரே மேசையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு மண்டப வாசலில் நின்று சமாளிக்கப்போவது நீயா? ஓட்டை ஆபத்துதான். ஆள் இல்லாத சங்கத்தில் நடுவழியில் முறையை மாற்றுவதும் ஆபத்துதான். பாதுகாப்பு ஆட்கள் இரண்டாவதை எண்ணுவதே இல்லை.

தண்ணீர்மலையான்
புதன், காலை 8:30

அது நியாயம்தான். அணைக்காமல் ஓட்டுவதானால் இன்றைக்கே செய்யவேண்டியவை உண்டு.

அக்கா, சங்கத் தளத்துக்கென்று தனி பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள். குரோமில் வாட்சப், மின்னஞ்சல் பார்க்கிறீர்கள் என்றால் தளத்தின் அட்மின் வேலையை எட்ஜில் மட்டும் செய்யுங்கள், அங்கே வேறெதையும் திறக்காதீர்கள். குக்கி எட்ஜில் இருந்தால் குரோமில் தட்டும் லிங்கால் ஒன்றும் செய்ய முடியாது. வேலை முடிந்ததும் லாகவுட். ஒரு வெள்ளிகூடச் செலவில்லை, இந்த ஓட்டைக்கு இதைவிட நல்ல மருந்தும் கிடையாது.

அட்மின் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் ஒருவர் இப்படி நடந்து பயனில்லை, உரிமை உள்ள யார் தட்டினாலும் போதும். பக்கம் திருத்த மட்டும் வருகிறவர்களுக்கு எடிட்டர் உரிமை போதும்.

பாதுகாப்புப் பிளகினின் தீச்சுவர் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். அட்மினின் சொந்தக் குக்கியோடு அட்மினின் சொந்த பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கையை அது பெரும்பாலும் வழிவிட்டுத்தான் அனுப்பும்.

செந்தூல்காரி
புதன், இரவு 9:15

அட்மின் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலை சுற்றியது. முந்தைய மூன்று செயலாளர்கள், முதலில் தளம் கட்டிக்கொடுத்தவர், "தற்காலிகம்" என்ற பெயரில் ஒரு கணக்கு. இறந்துபோன ஒரு தலைவரின் கணக்கும் அட்மினாகவே இருக்கிறது. என்னையும் துணைச்செயலாளரையும் தவிர எல்லாரையும் இறக்கிவிட்டேன். ஒருவர் உடனே தொலைபேசியில் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டார், அவர் கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று அவருக்கே நினைவில்லை.

கியூஆர் படம் இப்போதும் எங்களுடையதுதான். பொருளாளரை என் எதிரிலேயே ஸ்கேன் செய்யவைத்துப் பெயரைப் பார்த்துவிட்டோம்.

பிரிக்பீல்ட்ஸ்ராஜா
புதன், இரவு 10:10

அக்காவுக்காக ஒரு சின்னக் காவல் எழுதினேன், தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். எம்யூ பிளகின் கோப்புறையில் போட்டால் தானாக ஓடும், யாரும் தவறி அணைக்க முடியாது. விஷயம் இதுதான்: இப்போதைய பிரவுசர்கள் ஒவ்வொரு கோரிக்கையோடும் செக்-ஃபெட்ச்-சைட் என்ற தலைப்பை அனுப்புகின்றன. கோரிக்கை வேறு தளத்திலிருந்து கிளம்பியதா, அதே தளத்திலிருந்தா என்று அதில் இருக்கும். குரோமில் 2019இலிருந்தும், பயர்பாக்சில் 2021இலிருந்தும், சஃபாரியில் 2023இலிருந்தும் உண்டு. பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்டால் அதைப் பொய்யாக்க முடியாது. அமைப்பைச் சேமிக்கும் கோரிக்கையில் "கிராஸ்-சைட்" என்று வந்தால் என் கோப்பு அங்கேயே நிறுத்திவிடும்.

தண்ணீர்மலையான்
புதன், இரவு 10:40

அருமை அண்ணே. ஒரு மாற்றம் மட்டும். "கிராஸ்-சைட்" வந்தால் நிறுத்து என்று எழுதாமல், "சேம்-ஆரிஜின்" (அதே தளம்) வந்தால் மட்டும் விடு என்று எழுதுங்கள். டெஸ்க்டாப் மின்னஞ்சல் செயலியிலோ வாட்சப் செயலியிலோ தட்டிய லிங்க் பிரவுசரில் திறக்கும்போது அந்தத் தலைப்பில் "நன்" (எந்தத் தளமும் இல்லை) என்றுதான் வரும், முகவரியைக் கையால் தட்டச்சு செய்த மாதிரி. நம் ஊரில் எல்லா லிங்கும் வாட்சப்பில்தானே வருகிறது? இந்தப் பிளகின் கெட்டையும் ஏற்பதால் அந்த வழி திறந்தே கிடக்கும். தலைப்பே இல்லாமல் வந்தாலும் நிறுத்திவிடுங்கள். அக்கா அமைப்புப் பக்கத்துக்குள் இருந்து சேமிக்கும்போது "சேம்-ஆரிஜின்" தான் வரும், அவர் வேலை கெடாது.

பிரிக்பீல்ட்ஸ்ராஜா
புதன், இரவு 11:05

மாற்றிவிட்டேன். புதிய கோப்பு அனுப்பியாகிவிட்டது அக்கா, பழையதை அழித்துவிட்டு இதைப் போடுங்கள்.

பட்டர்வொர்த்மாமா
வியாழன், காலை 7:05

ஒருவேளை யாராவது ஏற்கெனவே தவறான கணக்குக்குக் கட்டியிருந்தால் என்ன செய்வது? கோவில் கணக்கில் இப்படி ஒரு முறை வேறு வகையில் அனுபவப்பட்டிருக்கிறோம், அதனால் கேட்கிறேன்.

நெறியாளர்
வியாழன், காலை 9:20

பணம் போனது தெரிந்த உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997க்கு அழைக்க வேண்டும், பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள். கட்டியவரின் வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள், அதன்பின் போலீஸ் புகார். தளம் ஊடுருவப்பட்டதைச் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999க்குத் தெரிவிக்கலாம்.

உறுப்பினர் விவரங்கள் வெளியே போயிருந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வரலாம். 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் சொல்ல வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தான். மேசை விற்பது வணிகமா என்பதை உங்கள் சங்கத்தின் வழக்கறிஞரிடம் கேட்டுவையுங்கள்.

குறிமுறைக்குட்டி
வியாழன், மாலை 5:30

பிளகினின் புதிய பதிப்பு வந்துவிட்டது! "பாதுகாப்புத் திருத்தம்" என்று குறிப்பும் போட்டிருக்கிறார்கள். நான்ஸ் சேர்த்திருக்கிறார். அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்குங்கள் அண்ணே, பாடத்தில் இன்னும் வரவில்லை.

தண்ணீர்மலையான்
வியாழன், இரவு 8:00

படிவத்தைக் காட்டும்போதே வேர்ட்பிரஸ் அதற்குள் ஒரு ரகசியச் சரத்தை ஒளித்துவைக்கும். 2006இல் வந்த 2.0.3 பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. எந்தப் பயனர், எந்தச் செயல், எந்த லாகின், எந்த நேரத் துண்டு என்று நான்கையும் சேர்த்துச் செய்த சரம். படிவம் திரும்பி வரும்போது அதே சரம் வந்ததா என்று பார்ப்பார்கள். வெளித்தளத்தில் இருக்கும் திருடனால் உங்கள் பிரவுசரை அனுப்பவைக்க முடியும், உங்கள் பக்கத்தைப் படிக்க முடியாது. அதனால் சரம் அவனுக்குக் கிடைக்காது.

ஒரு சரம் 24 மணி நேரம்வரை செல்லும், அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படும். நான்ஸ் இருக்கிறதே என்று உரிமைச் சோதனையை எடுத்துவிடவும் கூடாது. உரிமைச் சோதனை வந்தவர் யார் என்று பார்க்கிறது, நான்ஸ் அவர் மனமறிந்து வந்தாரா என்று பார்க்கிறது. இரண்டும் வேண்டும்.

அந்தப் புதிய வரிகளை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு.

தண்ணீர்மலையான்
வியாழன், இரவு 8:35

அக்கா, ராஜா அண்ணனின் காவலை இன்னும் எடுக்காதீர்கள்.

எழுதியவர் செய்திருப்பது இது: நான்ஸ் வந்திருந்தால், அது சரியா என்று பார், தவறென்றால் நிறுத்து. "வந்திருந்தால்" என்ற அந்த நிபந்தனையில்தான் வில்லங்கம். நான்ஸே அனுப்பாத கோரிக்கைக்குச் சோதனையே நடக்காது, நேராகச் சேமிக்கப் போய்விடும். திருடன் எதற்கு நான்ஸ் அனுப்பப்போகிறான்? பிளகின்களில் மறுபடி மறுபடி பார்க்கும் தவறு இது. புதுப்பித்தபின் பாதுகாப்புப் பிளகினும் பச்சை விளக்குக் காட்டும், ஏனென்றால் அது பதிப்பு எண்ணைத்தான் பார்க்கிறது.

தம்பி, கண்டுபிடித்தது நீ. எழுதியவருக்கு நீயே மரியாதையாக எழுது. இந்த வரி, இதனால் இது நடக்கும், இப்படித் திருத்தலாம் என்று மூன்று பத்தி போதும். செக்_அட்மின்_ரெஃபரர் என்ற ஒரே வரியைச் செயலின் பெயரோடு கூப்பிட்டால் நான்ஸ் இல்லாததையும் தவறானதையும் அதுவே நிறுத்திவிடும். ரெக்வெஸ்டைப் போஸ்ட் ஆக்கச் சொல். நன்றி வாசகத்தை வடிகட்டவும் சொல்.

குறிமுறைக்குட்டி
சனி, காலை 10:15

எழுதினேன். நேற்று இரவே பதில் வந்தது, நன்றியும் சொல்லியிருந்தார். தனி ஆளாக, வேலைக்குப் போய்க்கொண்டே இந்தப் பிளகினைப் பார்த்துக்கொள்கிறாராம். இன்று காலை அடுத்த பதிப்பு வந்துவிட்டது. மூன்றும் செய்திருக்கிறார். என் கணினியில் ஒரு நகல் தளம் போட்டுச் சோதித்தேன். நான்ஸ் இல்லாமல் அனுப்பினால் "நீங்கள் பின்தொடர்ந்த இணைப்பு காலாவதியாகிவிட்டது" என்ற பக்கம்தான் வருகிறது. லிங்க் வழியாகவும் ஒன்றும் மாறவில்லை.

தண்ணீர்மலையான்
சனி, காலை 11:00

நானும் பார்த்தேன், சரியாக இருக்கிறது. அக்கா, அப்டேட் செய்யுங்கள். செய்தபின் கியூஆரையும் அறிவிப்பு மின்னஞ்சல் முகவரியையும் நன்றி வாசகத்தையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். திருத்தம் இனிமேல் நடப்பதைத்தான் தடுக்கும், முன்பே மாறியிருந்தால் அதைப் பழையபடி ஆக்காது.

செந்தூல்காரி
சனி, மதியம் 12:20

செய்தாகிவிட்டது. மூன்றும் எங்களுடையதுதான். எட்ஜ் பிரவுசரும் பழகிவிட்டது, துணைச்செயலாளருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். கியூஆருக்குக் கீழே "பெறுபவர் பெயராகச் சங்கத்தின் பெயர் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னது பொருளாளரேதான். எல்லாருக்கும் நன்றி. மாமா, விருந்துக்குக் கோலாலம்பூர் பக்கம் வந்தால் ஒரு நாற்காலி உங்களுக்கு.

பிரிக்பீல்ட்ஸ்ராஜா
சனி, மதியம் 12:45

குட்டித் தம்பி, என் வாடிக்கையாளர் தளங்களில் இதுபோல ஆளில்லாத சின்னப் பிளகின்கள் ஏகப்பட்டது கிடக்கின்றன. பணம் கட்டும் பக்கம் உள்ளவற்றை மட்டும் பிரித்து அனுப்புகிறேன், சேமிக்கும் பகுதியைப் படித்துச் சொல்வாயா? சும்மா வேண்டாம், ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வோம்.

குறிமுறைக்குட்டி
சனி, மதியம் 1:10

சொல்கிறேன் அண்ணே. ஆனால் அடுத்த வாரம் தேர்வு, அதற்குப் பிறகு அனுப்புங்கள்.